சின்னவனை முதலில் பார்

மிருகங்கள் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், காட்டின் நடுவே வட்டமாக ஒரு குளம் இருந்தது. சுற்றிலும் பன்னிரண்டு துறைகள். கோடையில் தண்ணீருக்கு அடிதடி முற்றியதால் யானைத் தலைவர் ஓர் ஏற்பாடு செய்தார். துறைக்கு ஒரு கூட்டம். ஒரு கூட்டத்தின் முறை நடக்கும்போது மற்றவர்கள் தண்ணீர்ப் பக்கம் வரக் கூடாது. யார் முறை என்று காட்டக் கரையில் ஓர் ஆள் வேண்டும்.

"நான் காட்டுகிறேன் தலைவரே" என்றது ஆமை. "ஒரு முறை முடிவதற்கும் நான் அடுத்த துறைக்குப் போய்ச் சேருவதற்கும் சரியாக இருக்கும்."

"கல்யாணத்துக்குக் கிளம்பி, பிள்ளையின் காதுகுத்துக்குப் போய்ச் சேருகிற ஆளப்பா நீ!" என்றது கொக்கு.

சபையே சிரித்தது. மான்குட்டி விழுந்து விழுந்து சிரித்தது. வேலை நெட்டைக்கால் கொக்குக்குப் போயிற்று. ஒரு முறைக்கு ஒரு சுற்று என்று அது கரையை வலம் வர, பெரியவர்கள் சுற்றுகளை எண்ணிக்கொண்டார்கள்.

ஆமை அந்தச் சிரிப்பை மறக்கவில்லை. யாரும் சொல்லாமலே தானும் நடந்தது. கொக்கு ஒரு சுற்று முடித்தால், ஆமை ஒரு துறை தாண்டியிருக்கும். ஒரு நாளும் பிசகியதில்லை. ஏறெடுத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் புலியின் முறை. ஆமை புலித்துறையில் நின்றது. ஓடுகிற ஓட்டத்தில் கொக்கு மான்துறையைத் தொட்டது. எண்ணத் தெரியாத மான்குட்டி அதைக் கண்டு, "நம்ம முறை!" என்று துள்ளி இறங்கியது. புலி பதுங்கியது.

'சிரித்தாய் அல்லவா, படு' என்றுதான் ஆமைக்கு முதலில் தோன்றியது. மறுகணம் புலியின் வாலைக் கவ்விவிட்டது. புலி உறுமிச் சுழன்று ஓட்டில் அறைந்தது. ஆமை பிடியை விடவில்லை. உறுமல் கேட்டுக் குட்டி கரையேறித் தப்பியது.

சபை கூடியது.

"ஏன் இறங்கினாய்?" என்றார் யானைத் தலைவர்.

"கொக்கு மாமா எங்க துறையில் நின்றாரே!"

"அப்போது ஆமை எங்கே நின்றது?"

"புலித்துறையில்."

சபை முழுவதும் ஆமைப் பக்கம் திரும்பியது.

"இனி குட்டிகள் முதலில் ஆமையைப் பார்க்கட்டும்" என்றார் தலைவர்.

"அப்படியானால் நான் ஓடுவது வீணா?" என்று கொக்கு முணுமுணுத்தது.

ஆமை கழுத்தை நன்றாக நீட்டியது. "ஓடு, யார் வேண்டாம் என்றது? முறையில் எவ்வளவு போயிற்று என்று உன்னிடம் கேட்பார்கள். என்னிடம் கேட்ட பிறகு."

அன்றே தாய்மான் குட்டியைக் கரையில் நிறுத்தியது. "யாரை முதலில் பார்ப்பாய்?"

"சின்னவரை."

"அவர் இரண்டு துறைக்கு நடுவே இருந்தால்?"

"தாண்டி வந்த துறைதான் கணக்கு."

அன்று பிடித்த வழக்கத்தைப் பின்னாளில் கடிகாரம் செய்த மனிதர்களும் விடவில்லை. பெரிய முள் எவ்வளவுதான் சுற்றினாலும், மணி பார்க்கப் பழகும் பிள்ளையிடம் இன்றும் முதலில் கேட்பது, "சின்ன முள் எங்கே நிற்கிறது?" என்றுதான்.