செல்லக்கிளி இருந்த இடம்

அந்தக் கண் மருத்துவமனையின் கணினி அறையில் குரு மங்கையர்க்கரசி. வயது முப்பத்திரண்டு. சீடர் அகஸ்டினுக்கு ஐம்பத்தாறு. சின்னவளிடம் கற்றுக்கொள்ள அவருக்கு வெட்கமில்லை. தப்பை ஒத்துக்கொள்வதில்தான் கொஞ்சம் சுணக்கம்.

பழைய சர்வர் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்த டேட்டாபேஸ் கோப்புகளை அகஸ்டின் அப்படியே அள்ளிப் புதிய சர்வரில் போட்டார். புதியதில் இருந்தது வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டம். நோயாளிகளை எண்ணிப் பார்த்தார். நாற்பதாயிரத்தில் ஒருவர்கூடக் குறையவில்லை. நிம்மதியாக டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலை செல்லக்கிளி என்ற அம்மாளை வரவேற்பிலிருந்து கணினி அறைக்கு அனுப்பினார்கள். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதற்கு அன்று ஆபரேஷன். தவறினால் அடுத்த தேதி மூன்று மாதம் கழித்துத்தான்.

அகஸ்டின் பெயரைத் தட்டினார். திரை காலியாக இருந்தது.

“அப்படி யாரும் இல்லம்மா. வேற ஆஸ்பத்திரியா இருக்கும்.”

வாசல்வரை போனவள் சுவரைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தாள். மறுபடி தட்டினார். மறுபடி அதையே சொன்னார்.

மங்கையர்க்கரசி அவளை உட்காரவைத்தாள்.

“சார், பேரைப் போட்டுத் தேடாதீங்க. இன்னிக்கு ஆபரேஷன் இருக்கிற எல்லாரையும் எடுங்க. ஒவ்வொருத்தரா படிங்க.”

“அறுபது பேருக்கு மேல இருக்காங்க மேடம்.”

“படிங்க.”

திரையில் விரலை வைத்துக்கொண்டு படித்தார். நாற்பத்தொன்றாவது பெயரில் விரல் நின்றது. செல்லக்கிளியை நர்ஸ் கைப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அகஸ்டின் மங்கையர்க்கரசி பக்கம் திரும்பினார்.

“இருக்காங்க. பின்னே தேடினா ஏன் வரல?”

“பேரைத் தேடுறதுக்குன்னு உள்ள ஒரு அட்டவணை இருக்கு. அதை அடுக்கினது பழைய சிஸ்டம். எந்த எழுத்துக்கு அடுத்து எதுங்கிறதுல புதுசுக்கு வேற வழக்கம். அதோட வழக்கப்படி ஒரு இடத்துல போய்ப் பார்த்துச்சு. அங்க அவங்க இல்ல.”

“இப்ப என்ன செய்யணும்?”

“அட்டவணையைத் திரும்ப அடுக்கச் சொல்லுங்க.”

சொன்னார். இரண்டு நிமிடம் ஆனது. பெயரைத் தட்டியதும் திரையில் செல்லக்கிளி வந்தாள்.

அகஸ்டினுக்கு மனசு ஆறவில்லை.

“ஒரு எரர்கூடக் காட்டலையே மேடம். வாய் கூசாம இல்லைன்னு சொல்லிடுச்சே இந்த மிஷின்.”

மங்கையர்க்கரசி தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள்.

“தான் பார்த்த இடத்துல இல்லைன்னுதான் சார் அது சொல்லுச்சு. அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொன்னது நீங்க.”