எந்தக் கைக்கு என்று கேட்காதவன்

ராஜா இல்லாத ஊர் உண்டு, மந்திரி இல்லாத ஊர் உண்டு. யோசனை சொல்ல ஆளில்லாத ஊரை மட்டும் நான் கண்டதில்லை. நீங்கள் கண்டிருந்தால் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். காணாதவர்கள் உட்கார்ந்து கேளுங்கள். சிரிப்பதற்கு இந்தக் கதையில் அதிகமில்லை, முன்பே சொல்லிவிட்டேன்.

வெகு காலத்துக்கு முன்னால், மலைக்காட்டின் ஓரத்தில் கரும்பாறை என்று ஒரு வேட்டுவர் ஊர் இருந்தது. அந்த ஊர்க் கொல்லர் தெருவில் அடிக்கும் வேட்டைக் கத்திக்கு ஏழு மலைக்கும் பெயர். தம்பிக்கு, நண்பனுக்கு, மாப்பிள்ளைக்கு என்று பரிசு கொடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

அந்தக் கத்தியில் ஒரு விஷயம் உண்டு. அலகின் ஒரு பக்கம் மட்டுமே சாணை பிடிப்பார்கள். வலக்கைக்காரனுக்கு வலப்பக்கம், இடக்கைக்காரனுக்கு இடப்பக்கம். பிடியில் விரல் பதியும் பள்ளத்தையும் கையைக் கேட்டுத்தான் வெட்டுவார்கள். கை மாறிப் பிடித்தால் பிடி சுழலும், அலகு இறங்காமல் விலகி ஓடும். அதனால் கொல்லன் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எந்தக் கைக்கு?"

தெரு முனையில் ஒரு வாகை மரம். அதன் அடியில் கல்லைப் போட்டு உட்கார்ந்திருப்பான் செவந்தான். ஒரு காலத்தில் பெரிய வேட்டைக்காரன். கரடி அடித்துக் கால் முடமான பிறகு காட்டுக்குப் போவதை விட்டான், பேசுவதைப் பிடித்துக்கொண்டான். கத்தியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெளியூர்க்காரன் தலை தெரிந்தால் போதும், கூப்பிட்டு நிறுத்தி யோசனை சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். "தம்பிக்கு ஒரு கத்தி வேணும். அவன் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

"ஆளைப் பத்தி எனக்கு எதுக்குத் தாயி? கத்தியைப் பத்திக் கேளு" என்றான் செவந்தான். சாண் நீள அலகு, கலைமான் கொம்புப் பிடி என்று சொல்லி அனுப்பினான். அவள் தம்பி வலக்கைக்காரன். ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு நாள் ஒரு தேன் வியாபாரி வந்தார். "என் சிநேகிதர் ஒருத்தர், வயசானவர்..." என்றார்.

"ஆளைப் பத்தி எனக்கு எதுக்கு ஐயா? கத்தியைப் பத்திக் கேளுங்க" என்றான். அகன்ற அலகு, கருங்காலிப் பிடி என்று சொல்லி அனுப்பினான். அந்தச் சிநேகிதரும் வலக்கைக்காரர். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

உலகத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர் வலக்கைக்காரர்கள். ஒன்பது முறை பலித்துவிட்டால் போதாதா, தலை நிற்குமா கழுத்தில்? செவந்தானுக்குப் பெருமை பிடிபடவில்லை.

பிறகு ஒருநாள் ஒரு மனிதன் வந்தான். பெயர் மாதன். மூன்று மலை தாண்டி ஆடு மேய்க்கிறவன். கத்தியைப் பற்றி ஒரு எழுத்தும் தெரியாது.

"அண்ணே, என் அக்கா மகனுக்கு ஒரு கத்தி வாங்கணும். அவனுக்கு வந்து..."

"ஆளைப் பத்தி எனக்கு எதுக்குத் தம்பி? கத்தியைப் பத்திக் கேளு."

"இல்லண்ணே, அவன் கை..."

"அட, நான் சொல்றதைக் கேப்பியா மாட்டியா? முதுகு தடிச்ச அலகு. காட்டெருமைக் கொம்புப் பிடி. வலப்பக்கச் சாணை. ஏழு மலையிலே இதை மிஞ்ச ஒண்ணு கிடையாது. போ."

மாதன் போனான். பட்டறையில் கொல்லர் மூக்காசாரி வழக்கம்போல "எந்தக் கைக்கு?" என்று கேட்டார். மாதன் வாயைத் திறப்பதற்குள் முனையிலிருந்து சத்தம் வந்தது. "நான் எல்லாம் சொல்லி அனுப்பியிருக்கேன் ஆசாரி! அவன் கேட்டதைக் கொடும்!" பெரிய மனிதர் சொன்ன பிறகு ஆட்டுக்காரன் என்ன பேசுவான்? கை ஒரு விஷயமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து, கேட்டதை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது அந்த ஊர் வழக்கத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் கத்தி கொடுப்பான். அந்தக் கத்தி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மாப்பிள்ளை புதருக்குள் போக வேண்டும். நாய்கள் வளைத்து வைத்திருக்கும் காட்டுப்பன்றியை அதனால் முடிக்க வேண்டும். பிறகுதான் தாலி. மாமன் கொடுத்ததை மாப்பிள்ளை மறுக்கக் கூடாது. மறுத்தால் மாமன் சபையில் தலைகுனிந்து போவான். பெண்ணைப் பெற்றவன் ஒருவன் மட்டும் "கத்தி சரியில்லை, வேறு கொடு" என்று சொல்லலாம். மகளின் வாழ்வு அல்லவா, அதனால் அவனுக்கு அந்த உரிமை.

செவந்தானுக்கு ஒரே மகள், அரும்பாயி. அந்த மாதமே அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அடுத்த மலை வேடியப்பன். பரிசம் போட வந்த அன்று அவன் இடக்கையால் இறைச்சி அறுத்ததைப் பார்த்துவிட்டு அரும்பாயி சிரித்தாள், அவனும் சிரித்தான். செவந்தானும் பார்த்தான். சம்பந்தம் பேசியது மாப்பிள்ளையின் அம்மா. மாமன் தூர மலைக்காரன் என்பதால் செவந்தான் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை.

கல்யாணக் காலை வந்தது. மேளம் கொட்டியது. மாப்பிள்ளையின் மாமன் சபைக்கு நடுவில் வந்து நின்றான். யார் என்று நினைக்கிறீர்கள்? அவன்தான், மாதன்.

செவந்தானைக் கண்டதும் மாதனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இந்த அண்ணன் பொறுக்கிக் கொடுத்த கத்தி இது! பொண்ணோட அப்பாவே பொறுக்கினதுன்னு இப்பத்தானே தெரியுது!" என்று உயர்த்திக் காட்டினான். சபை ஆரவாரித்தது.

வேடியப்பன் கத்தியை இடக்கையில் வாங்கினான். பிடியின் பள்ளம் விரலுக்குப் பொருந்தவில்லை. ஒருமுறை திருப்பிப் பார்த்தான். பிறகு மாமன் முகத்தைப் பார்த்தான். "நல்ல கத்தி மாமா" என்றான். எவ்வளவு நல்ல பிள்ளை பாருங்கள்.

சபைப் பெரியவர் வழக்கப்படி செவந்தானிடம் மூன்று முறை கேட்டார்.

"கத்தி சரிதானா?"

செவந்தான் கத்தியையும் அதைப் பிடித்திருந்த இடக்கையையும் பார்த்தான். சரியில்லை என்று சொன்னால் பொறுக்கினவன் யார் என்று ஊர் கேட்கும். பேசவில்லை.

"கத்தி சரிதானா?"

நாய்கள் நல்ல நாய்கள், பிள்ளை கெட்டிக்காரன், ஒன்றும் ஆகாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். பேசவில்லை.

"கத்தி சரிதானா?"

ஊரெல்லாம் வலியக் கூப்பிட்டு யோசனை சொன்ன வாய் அது. ஒரே ஒரு வார்த்தை போதும், "மாத்துங்க" என்று. அடப்பாவி, அந்த ஒரு வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான், சரி என்று.

வேடியப்பன் புதருக்குள் போனான். நாய்கள் குரைத்தன. பன்றி உறுமியது. பிறகு ஒரு மனிதக் குரல் ஒரே ஒரு முறை கேட்டது. பிறகு நாய்கள் ஊளையிட ஆரம்பித்தன.

ஆட்கள் ஓடிப்போய்த் தூக்கி வந்தார்கள். தொடையிலிருந்து வயிறு வரை கிழிந்திருந்தது. கத்தி பன்றியின் விலா எலும்பில் வழுக்கி விலகியிருக்கிறது. பிடி கையில் சுழன்று, அலகு அவன் உள்ளங்கையையே அறுத்திருக்கிறது. பந்தலுக்குள் கொண்டு வருவதற்கு முன்னால் உயிர் போய்விட்டது.

மாதன் மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். "அன்னைக்கே சொல்ல வந்தேனே அண்ணே! பிள்ளைக்கு இடக்கைன்னு சொல்ல வந்தேனே! நீங்க கேக்கலையே!"

கல்யாணச் சேலையோடு அரும்பாயி வந்தாள். அழவில்லை. தகப்பனுக்கு எதிரே நின்றாள்.

"காலையிலே கத்தியைப் பாத்தீங்களா அப்பா?"

"பாத்தேன்."

"அவருக்கு இடக்கைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு?"

ஏழு மலைக்கும் யோசனை சொன்னவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அதற்கு மேல் அவனோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை, அன்று மட்டுமல்ல, அவன் சாகும்வரை.

அதன் பிறகு செவந்தான் வாகை மரத்தடிக்குப் போகவே இல்லை. வீட்டு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். யார் வந்து என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவான். அந்தக் கல்லில் அரும்பாயி போய் உட்கார்ந்தாள். வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அவள் யோசனை ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் பேசி முடிக்கும்வரை கேட்பாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்பாள்.

"எந்தக் கைக்கு?"

கேட்டீர்களா பெரியவர்களே, பிள்ளைகளே: யோசனை சொல்லும் முன் யாருக்கென்று கேட்க வேண்டும், சொன்னது தப்பென்று தெரிந்த நொடியில் மானம் போனாலும் வாய் திறக்க வேண்டும்.