மிர்காவின் கல்யாண மாவு

அந்தக் காலத்தில் தேனீக்கள் மனிதரோடு பேசின. போலந்து நாட்டில், விஸ்துலா ஆற்றுக்கு அப்பால் இருந்த காட்டில், ஒரு கிழட்டு லிண்டன் மரப்பொந்தில் அவை குடியிருந்தன. இக்கரையில் போக்னா என்ற கைம்பெண் தன் ஒரே மகள் மிர்காவோடு வாழ்ந்தாள்.

மிர்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ராணித்தேனீ தன் தேனில் பாதியை அள்ளிக் கொடுத்தது.

"கேக்குக்கு வச்சுக்கோடி. எங்களைக் கூப்பிட மறந்துடாதே. மாப்பிள்ளை மூக்குல கொட்ட மாட்டோம், பயப்படாதே!"

அப்போதெல்லாம் மாவைப் பிசைந்த கையோடு சுட்டுவிடுவார்கள். போக்னா தேனைக் காய்ச்சி, ரை என்ற தானியத்தின் மாவும் கிராம்பும் மிளகும் சேர்த்துப் பிசைந்தாள். அடுப்பு மூட்டுவதற்குள் மிர்கா காய்ச்சலில் விழுந்தாள். முதல் பனி பெய்த அன்று இறந்தாள். மாவுப்பானையைத் துணியால் மூடி நிலவறையில் வைத்துவிட்டு, தேனீக்களிடம் சொல்வதற்காகப் போக்னா ஆற்றைக் கடந்து காட்டுக்கு நடந்தாள்.

"என்னடியம்மா, கல்யாணம் என்னிக்கு?" என்று பொந்துக்குள்ளிருந்து ராணி கேட்டது.

சொல்ல வந்ததைப் போக்னா விழுங்கிக்கொண்டாள்.

"மாவு இன்னும் பதமாகல. ஆனதும்தான்."

"மாவுக்குப் பதமா? புதுசா இருக்கே! சரி, மிர்கா என்ன பண்றா?"

"தலை பின்னிக்கிட்டு இருக்கா."

அதன் பிறகு அவள் அடிக்கடி போனாள். ஊரில் மிர்கா மண்ணுக்குள் இருந்தாள். அந்த மரத்தடியில் மட்டும் இன்னும் மணப்பெண்ணாக இருந்தாள்.

குளிர் முற்றியது. ஒருநாள் மரத்தடிப் பனியில் தேனீக்கள் சருகுபோல் உதிர்ந்து கிடந்தன. உள்ளே ரீங்காரம் நூலாய் இளைத்திருந்தது.

"உள்ளே தேன் இருக்கே, ஏன் தின்னல?" என்று போக்னா அலறினாள்.

"அது விருந்துக்கு," என்றது ராணி. "வெறுங்கையோடவா கல்யாணத்துக்கு வர்றது? மாவு ஆச்சா?"

போக்னா நெற்றியை மரத்தில் சாய்த்தாள்.

"மிர்கா செத்துப் போயிட்டா. நீங்க தின்னுங்க."

அந்தச் சொல்லை அவள் வாய் அன்றுதான் முதலில் சொன்னது.  உள்ளே தேனறைகளின் மெழுகு மூடிகள் உடையும் மெல்லிய ஒலி கேட்டது. சில தேனீக்கள் பிழைத்தன. அதன்பின் எந்தத் தேனீயும் மனிதரோடு பேசவில்லை.

வீடு திரும்பி, எறிய மனமில்லாமல், அந்த மாவைச் சுட்டாள். மகளுக்காகத் துக்கம் கேட்க அப்போதும் வந்துகொண்டிருந்தவர்கள் தின்றார்கள். மண்ணின் நிறத்தில், அவர்கள் அதுவரை அறியாத மணத்தோடு இருந்தது கேக்.

"இதுக்கு என்ன செஞ்சே, போக்னா?"

"காக்க வச்சேன்," என்றாள்.

அன்று முதல்தான் அந்த நாட்டில் தேன்கேக் மாவைப் பிசைந்ததும் சுடாமல், மூடி, குளிரில் வாரக்கணக்காகக் கிடத்துகிறார்கள்; வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் ஒரு பொழுதும் தாமதிக்காமல் தேன்கூட்டைத் தட்டிச் சொல்லிவிடுகிறார்கள்.