பாதி நெய்த படம்

அநியாயம் நடந்தது வெள்ளெலிகளுக்கு. செய்தது நரி.

காட்டுக்குள் ஓர் ஏரி. ஏரிக்குக் கரை. கரையைத் தாண்டி ஒரு செம்மண் மேடு. அந்த மேட்டில்தான் வெள்ளெலிகள் தலைமுறை தலைமுறையாக வளை தோண்டி வாழ்ந்தன. நரி ஒருநாள் காட்டை ஆண்ட மூத்த பெண் யானையிடம் போனது.

"பெரியம்மா, எலிகள் ஏரிக்கரையைத் துளைக்கின்றன. கரை உடைந்தால் உங்கள் கூட்டத்துக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது."

யானை போய்ப் பார்க்கவில்லை. "அப்படியானால் கிளப்பிவிடு" என்றது. அவ்வளவுதான் விசாரணை!

எலிகள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு முட்புதருக்கு ஓடின. காலியான வளைகளை அகலமாக்கி, நரி தன் குடும்பத்தோடு குடியேறியது. எலி போட்ட சின்னத் துளை ஆபத்து என்றால், நரி போட்ட பெரிய துளை ஆபத்தில்லையா? காட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

மழைக்காலம் நெருங்கியது. அதற்குள் வீடு திரும்பாவிட்டால் குட்டிகள் பிழைக்காது.

ஈச்ச மரத்தில் இழையன் என்றொரு தூக்கணாங்குருவி இருந்தது. புல்லிழையில் படம் நெய்வதில் அதற்கு நிகர் கிடையாது. அதற்கு மனசு கேட்கவில்லை. அழுகிற தாய் எலியையும் ஒடுங்கிய குட்டிகளையும் நெய்து, யானையின் முன்னால் தொங்கவிட்டது.

யானைக்குக் கண் கலங்கியது. "ஐயோ பாவம்" என்று மூங்கில் நெல் கொஞ்சம் அனுப்பிவைத்தது. நரிகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டது.

இழையன் புதருக்குப் பறந்து வந்தது. "கதிரியக்கா, பெரியம்மாவே அழுதுட்டாங்க."

கதிரி வெள்ளெலிகளின் தலைவி. "அழுதாங்க, சரி. வீடு?"

"நெல் வந்துச்சே?"

"நாங்க நெல்லா கேட்டோம்? ஏம்ப்பா, படத்துல இருக்கிறது யாரு? நான் எப்ப அழுதேன்? நான் கோபமா இருக்கேன்."

இழையனுக்குச் சுருக்கென்றது. "உங்களுக்காகத்தானே பாடுபட்டேன்."

பக்கத்தில் கிடந்த ஏரி நண்டு ஒன்று வாயைத் திறந்தது. "கதிரி, இவன் எப்படிக் கூடு கட்டுவான் தெரியுமா? பாதியில நிறுத்திடுவான். பெட்டை வந்து இழுத்துப் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் மீதி."

"அது அவ குடியிருக்கப்போற வீடாச்சே" என்றது இழையன்.

"அப்ப இது யார் வீட்டு விவகாரம்?" என்று கேட்டது கதிரி.

இழையன் அலகைத் தேய்த்துக்கொண்டது. பிறகு, "சரிக்கா. பாதி நெய்து கொண்டுவர்றேன். இழுத்துப் பாருங்க" என்றது.

எலிகள் இழுத்துத்தான் பார்த்தன.

"வளையைக் கரையில போட்டிருக்கே. நாங்க மேட்டுல இருந்தோம்" என்று ஒரு கிழ எலி அந்த இழையைப் பல்லால் அறுத்தது.

"எந்த வெள்ளத்துக்கும் தண்ணி இவ்வளவு ஏறாது. நான் ஏரியிலேயே பிறந்தவன்" என்று நண்டு நீர்மட்டத்தைப் பிய்த்துக் கீழே இறக்கியது.

அழகான வளைவு ஒன்று போயிற்று. இழையனுக்கு வலித்தது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் அது தலையாட்டவில்லை. எல்லார் வளை வாசலையும் நெய்யச் சொல்லி எலிகள் பிடிவாதமாய் நின்றபோது, "அத்தனையும் நெய்தா ஒண்ணுமே புரியாது. பெரியம்மா உயரத்திலிருந்து பார்ப்பாங்க. மேடு வேற, கரை வேறன்னு ஒரே பார்வையில தெரியணும்" என்று வாதாடியது. அது நியாயம் என்று எலிகள் விட்டுக்கொடுத்தன. மேட்டுக்குச் செம்மண்ணில் தோய்த்த இழை, கரைக்கு ஏரிச் சேற்றில் தோய்த்த இழை. எலிகள் தோய்த்துக் கொடுத்தன, இழையன் நெய்தது.

எல்லாரும் சேர்ந்தே படத்தை யானையிடம் தூக்கிப் போனார்கள்.

"படம் நெய்பவனுக்குப் பொய் நெய்யத் தெரியாதா?" என்று நரி சிரித்தது.

"பொய்யா நிஜமான்னு பெரியம்மா நடந்து வந்து பார்க்கட்டும்" என்றது கதிரி.

இந்த முறை யானை நடந்தது. ஏரிக்கரையில் ஒரு துளைகூட இல்லை. மேட்டு வளைகளிலிருந்து நரிக்குட்டிகள் எட்டிப் பார்த்தன. நரி தலை குனிந்தது.

யானை இழையன் பக்கம் திரும்பியது. "அருமையான படம். உனக்கு என்ன வேண்டும், கேள்."

"நெய்தது நான், பெரியம்மா. வீட்டை இழந்தது இவங்க. இவங்களைக் கேளுங்க" என்று இழையன் கிளைக்குப் பறந்துவிட்டது.

யானை முழங்காலை மடக்கி, கதிரியின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தியது.

"எங்க மேடு எங்களுக்கு வேணும்" என்றது கதிரி. "இனி யாரைக் கிளப்பச் சொன்னாலும், முதல்ல அவங்ககிட்ட வந்து கேளுங்க."

யானை சொன்னது: "மேடு உங்களுடையது. நரி இன்றே போகும். உங்களைக் கேட்காமல் கிளப்பியது என் தப்பு."

வீடிழந்தவர்களுக்காகப் பேச வரும் கலை, அவர்களைக் கேட்ட பிறகே வாய் திறக்க வேண்டும்.