ஜெசிந்தாவின் நாக்கு

"நீதான்டி என்னைக் கெடுத்தது" என்றாள் ஜெசிந்தா, வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே.

சிஸ்டர் பெலிசிட்டா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பீப்பாயின் வயிற்றில் காதை வைத்து, உள்ளே நுரை அடங்கிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல செருப்பைக் கழட்டு."

ஜெசிந்தா கழற்றினாள். அவள் தோளில் ஒரு பூந்துவாலை. துவாலைக்குள் குழந்தை. வெளியே பத்தரை மணி வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே கிணற்றுக்குள் இறங்கினது போலக் குளிர்ச்சி, புளித்த திராட்சையின் வாசனை.

"எனக்குக் குடிக்கக் கத்துக்குடுத்தது யாரு? நீதானே?"

"ருசிக்கக் கத்துக்குடுத்தேன்."

"ரெண்டும் ஒரே வாய்லதானே போகுது?"

"ஒண்ணு திரும்பி வெளிய வரும்" என்றாள் சிஸ்டர். மூலையில் துப்புவதற்கு வைத்திருந்த பித்தளைக் கிண்ணத்தைக் காட்டினாள்.

இரண்டு பேருக்கும் ஒரே வயது. கான்வென்டில் ஒரே பெஞ்ச். கணக்கு டீச்சரிடம் ஒரே நாளில் ஒரே அடி வாங்கியவர்கள். பள்ளி முடிந்ததும் ஒருத்தி மடத்தில் சேர்ந்தாள். இன்னொருத்தி அதே மடத்தின் ஒயின் அறைக்கு லேபிள் ஒட்டும் வேலைக்கு வந்தாள். அடிவாரத்துத் தோட்டங்களிலிருந்து திராட்சை, மடம் இருக்கும் மேட்டுக்கு ஏறி வரும். சுற்று வட்டார மாதா கோயில்களுக்கெல்லாம் பூசைக்கு வேண்டிய ஒயின் அங்கிருந்து இறங்கிப் போகும்.

அந்த அறைக்குள் மட்டும் பெலிசிட்டா குரு, ஜெசிந்தா சீடப்பெண்.

மூன்று வருடம் நடந்த பாடம் இவ்வளவுதான்: பார். முகர். வாயில் வை. ஐந்து எண்ணு. துப்பு. சொல்.

"சொல்"லில்தான் ஜெசிந்தா கெட்டிக்காரி. குருவே சில நாள் வாயடைத்துப் போவாள்.

பிறகு லாரி ஓட்டும் சந்தியாகுவுக்கு வாழ்க்கைப்பட்டு மேட்டை விட்டு இறங்கினாள்.

"உக்காரு" என்றாள் சிஸ்டர். "வீட்டுல என்ன குடிக்கிறே?"

"மலிவுல கிடைக்கிறதுதான். அவர் பாண்டிச்சேரிக்கு லோடு எடுத்துட்டுப் போனா, திரும்பும்போது ஒரு பாட்டில் வாங்கிட்டு வருவார். கடையிலேயே அடித்தட்டுல தூசி படிஞ்சு கிடக்கிறதா பாத்து எடுப்பார். சனிக்கிழமை ராத்திரி பாய விரிச்சுப்போம். ரெண்டு சில்வர் டம்ளர். ஒரு பொட்டலம் பக்கோடா."

"சில்வர் டம்ளர்லயா? நிறம் எப்படித் தெரியும்?"

"நிறம் கிடக்குது போ. பாட்டிலைத் துண்டால சுத்தி மறைச்சு வச்சுக்கிட்டு, சொல்லுடி பாக்கலாம்பார். நான் சொல்லுவேன். மழைல நனைஞ்ச சாக்கு, நாவப்பழம், கடேசில இருமல் மருந்துன்னு. அவருக்குப் புரையேறிப் போகும் சிரிச்சு. அதான் கடைக்காரன் காசே கேக்காத மாதிரி குடுத்தான்னு சொல்லுவார்."

சிஸ்டரும் சிரித்துவிட்டாள். ஊதாக் கறை ஏறிய விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருந்திருக்கீங்க."

"நல்லாத்தான் இருந்தோம்."

"துப்புனீங்களா?"

"வீட்டுல எவடி துப்புவா?"

சிஸ்டர் அடுத்த பீப்பாய்க்குப் போனாள். ஜெசிந்தா இடத்தை விட்டு அசையாமல் பேசிக்கொண்டே இருந்தாள். கேட்காததையெல்லாம் சொன்னாள்.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் நிறுத்திவிட்டாள். பிறந்த பிறகு எதிர்வீட்டு ரோஸி அக்கா வந்து பார்த்தாள். ரத்தம் செத்துக் கிடக்கிறாயே, சிவப்பு ஒயின் ஒரு வாய் குடி, ரத்தமும் ஊறும், பாலும் ஊறும் என்றாள். அதே மாதத்தில் சந்தியாகுவை வடக்கே போகும் லாரிக்கு மாற்றிவிட்டார்கள். போனால் மூன்று வாரம். அவன் போகும்போது ஆறு பாட்டில் வாங்கி அடுக்கிவிட்டுப் போனான். உன் ஒடம்புக்குத்தானே, என்றான்.

"இப்ப எவ்வளவு?" என்றாள் சிஸ்டர்.

"அதே சனிக்கிழமைதான். ரெண்டு மடக்கு."

"புள்ளையக் காட்டு."

ஜெசிந்தா துவாலையை விலக்கினாள்.

சிஸ்டர் குனிந்து பார்த்தாள். நிமிரவில்லை. வெகுநேரம் நிமிரவில்லை.

"என்ன மாசம்?"

"ஆறு முடிஞ்சிடுச்சு."

"ஆறா?"

"பொறக்கும்போது மூணு கிலோ. நாலாம் மாசம் அஞ்சு. இப்ப அஞ்சுக்குக் கீழ எறங்கிடுச்சு. குடிக்க மாட்டேங்குது பெலி. ரெண்டு வாய் சப்பும், மூஞ்சியத் திருப்பிக்கும், தூங்கிடும். தூக்கம்னா தூக்கம், அப்படி ஒரு தூக்கம். என்ன சமர்த்துப் புள்ள, அழுற சத்தமே கேக்கலியேன்னு தெருவே மெச்சுது. நான்தான் மூக்குக்குக் கீழ வெரலை வச்சு வச்சுப் பாக்குறேன். காத்து வருதான்னு."

"டாக்டர்?"

"திங்கக்கிழமை கொண்டுவந்து சேத்துடுங்கன்னுட்டார். மூளையில ஏதாச்சும் இருக்கலாமாம். முதுகெலும்புல ஊசி குத்தித் தண்ணி எடுத்துப் பாக்கணுமாம். இந்த முதுகுல, பெலி. பாரு, என் கை அகலம் இல்ல."

"உன்னை ஒண்ணும் கேக்கலியா?"

ஜெசிந்தா துவாலையின் ஓரத்தை நீவினாள்.

"நீங்க மாத்திரை, மருந்து, வேற ஏதாச்சும் எடுத்துக்கிறீங்களாம்மான்னு கேட்டார்."

"என்ன சொன்னே?"

"இல்ல டாக்டர்னேன்."

"ஒரு தடவை கேட்டாரா?"

"ரெண்டு தடவை."

வெளியே யாரோ கூடை கவிழ்க்கும் சத்தம் கேட்டது. குழந்தை அசையவில்லை.

"மாமியார் பக்கத்துலயே நின்னுச்சு" என்றாள் ஜெசிந்தா அவசரமாக. "ஏற்கெனவே கறுவிக்கிட்டு இருக்கு. வளக்கத் தெரியாதவளுக்கு எதுக்கு புள்ளை, எங்கிட்டக் குடுத்துடு, நான் பசும்பால் குடுத்து வளத்துக்குறேன்னு. அது முன்னாடி என்னத்தச் சொல்லச் சொல்றே?"

சிஸ்டர் துவாலையை இழுத்துக் குழந்தையின் காலை மூடினாள்.

"நீ ஒரே ஒரு வார்த்தை சொல்லு பெலி. அது ஒயினால இல்லன்னு சொல்லு. எவ்வளவு குடிச்சா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாததா? ரெண்டு மடக்குல என்ன ஆகிடப்போகுதுன்னு சொல்லு. நான் நிம்மதியாக் கீழ எறங்கிப் போயிடுறேன்."

"நான் டாக்டரா?"

"எனக்கு நீதான் எல்லாம் சொல்லிக்குடுத்தே."

சிஸ்டர் சுவர் ஓரமாக நடந்தாள். ஒரு பீப்பாயின் அடைப்பைத் திருகி, கரண்டிக் காம்பு போல நீண்ட கண்ணாடிக் குழாயால் கொஞ்சம் எடுத்துக் கோப்பையில் விட்டாள். கொண்டுவந்து நீட்டினாள்.

"மோந்து மட்டும் பாரு. வாயில வைக்காத."

ஜெசிந்தா மூக்கைக் கொண்டுபோனாள். முகம் சுளித்தது. பிறகு கண் மூடியது. மூடிய கண்ணுக்குள் அவள் வேறு எங்கோ போய்விட்டாள். தோளில் குழந்தை இல்லாதவள் மாதிரி, திங்கட்கிழமையே இல்லாதவள் மாதிரி இருந்தது முகம்.

"அடைப்பு கசியுது. காத்துப் பட்டுக் காடியாகப் போகுது. நேத்து முந்தாநேத்து இல்ல. ஒரு வாரம்… இல்லல்ல. பத்து நாள்."

"பத்து நாள்தான். நான் முந்தாநாள்தான் கண்டுபிடிச்சேன்."

ஜெசிந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வந்ததிலிருந்து இப்போதுதான் அவள் உதடு விரிந்தது.

"நாக்கும் மூக்கும் இன்னும் சாகல பாத்தியா."

"சாகல" என்றாள் சிஸ்டர். கோப்பையைக் கவிழ்த்துக் கழுவி வைத்தாள்.

அப்போது துவாலைக்குள் மெல்ல ஒரு முனகல். அழுகை என்று சொல்ல முடியாது. அழுகைக்கு வேண்டிய பலம் அதில் இல்லை.

ஜெசிந்தா பதறிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முந்தானைக்குள் குழந்தையை அணைத்தாள். "இந்தா தங்கம். இந்தாம்மா. குடிம்மா" என்று கெஞ்சினாள். ஒரு சப்பு. இரண்டு சப்பு. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண் பாதி செருகிற்று.

"பாத்தியா? பாத்தியா பெலி?"

சிஸ்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அலமாரியிலிருந்து புதுக் கோப்பை ஒன்றை எடுத்தாள். வெந்நீரில் அலசினாள். துணியால் துடைத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து இன்னொரு தடவை துடைத்தாள். ஜெசிந்தாவின் முன்னால் வந்து நின்று நீட்டினாள்.

"இதுல கொஞ்சம் பீச்சு."

"என்னது?"

"பால்."

"ச்சீ. உனக்கு என்ன பைத்தியமா?"

கோப்பை நீட்டின இடத்திலேயே இருந்தது.

"சாமிக்குப் படைக்கிற ஒயின் வைக்கிற எடத்துல…"

"பீச்சு, ஜெசி."

மடத்துக்குப் போன பிறகு அவள் ஜெசி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஜெசிந்தா கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

நாலு பீச்சு. அடியில் ஒரு விரல்கடை நின்றது.

சிஸ்டர் குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். கோப்பையை வாங்கவில்லை.

"ஜன்னல்கிட்டப் போ."

ஜெசிந்தா போனாள்.

"பாரு."

பார்த்தாள். பால் பால் மாதிரிதான் இருந்தது.

"மோந்து பாரு."

முகர்ந்தாள். ஒரு நொடி நிறுத்தினாள். திரும்பவும் முகர்ந்தாள்.

"வாயில வை."

"பெலி, வேணாம்டி."

"வை."

வைத்தாள். சிஸ்டர் எண்ணினாள். சத்தமாகத்தான் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. முன்பெல்லாம் எண்ணியது போல, அவசரமில்லாமல். நான்கு. ஐந்து.

ஜெசிந்தா துப்பவில்லை. பழக்கம். விழுங்கியிருந்தாள்.

"சொல்."

கேட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. மூன்று வருடம் பழகின வாய்.

"கறுப்புத் திராட்சை" என்றாள். "தோலோட ஊறவச்சது. சீனி சேத்திருக்கு. தெறந்து ரெண்டு நாள் ஆன பாட்டில். லேசாக் காத்துப் பட்டு…"

நின்றுவிட்டாள்.

கோப்பையைப் பிடித்திருந்த கை ஆடத் தொடங்கியது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையும் ஆடின.

"எப்பக் குடிச்சது?" என்றாள் சிஸ்டர்.

ஜெசிந்தா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஜெசி."

"காலையில."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு. புள்ள எந்திரிக்கிறதுக்கு முன்னாடி."

"இன்னைக்கு என்ன கெழமை?"

"வியாழன்."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்." பிறகு, "ரெண்டு." பிறகு, கேட்கவே கேட்காத குரலில், "ரெண்டுன்னுதான் நெனைக்கிறேன். கையே நடுங்குது பெலி, குடிக்காட்டி இவளத் தூக்கவே பயமா இருக்கு. கீழ போட்டுடுவேனோன்னு. அதுக்குத்தான் ஒரு வாய் குடிக்கிறேன். புள்ளயத் தூக்குறதுக்குத்தான்."

சிஸ்டரின் தோளில் குழந்தை மறுபடி தூங்கிப் போயிருந்தது. சிஸ்டர் ஊதாக் கறை படிந்த ஒரு விரலை எடுத்து அதன் மூக்குக்குக் கீழே வைத்தாள். வைத்தபடியே நின்றாள்.

"பஸ் பதினொண்ணேகாலுக்கு வரும்" என்றாள். "திங்கக்கிழமை வரைக்கும் வேணாம். நானும் வர்றேன். இப்பச் சொன்னியே, அதை அப்படியே அந்த டாக்டர்கிட்டச் சொல்லு."

"சொன்னா புள்ளயப் பிடுங்கிடுவாங்கடி!"

"சொல்லாட்டி?"