பத்தியம் இருந்த குளம்

பழவேலி நகரில் ஒரு குளம் உண்டு. முழங்கால் ஆழம். அதன் கரையில் டீக்கடை வைத்திருந்த பொன்னுரங்கம்தான் குளப் பாதுகாப்புக் குழுத் தலைவர். ஏசுபாதமும் திருவேங்கடமும் உறுப்பினர்கள். மூன்று பேரும் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். தொல்லையே அதுதான்.

தண்ணீர் ஆய்வாளர் செண்பகவல்லி வந்து பார்த்தார். குளம் பச்சைப் பாசி பிடித்து நாறியது.

"தண்ணியில சத்து அதிகமாயிடுச்சு. அதான் பாசி. மீனுக்குப் பொரி, பிரெட் எதுவும் போடக் கூடாது. ஒரு மாசம் வெளியிலிருந்து ஒண்ணும் உள்ளே போகக் கூடாது. அப்பவும் சரியாகலேன்னா மூடிட்டு பஸ் ஸ்டாண்ட் கட்டிடுவாங்க."

பொன்னுரங்கம் கரையிலிருந்த தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். குளம் போனால் கடையும் போகும். அன்றே குளத்துக்குப் பத்தியம் ஆரம்பமானது.

முதலில் ஒரு புங்க இலை விழுந்தது.

"இலை சாப்பாடா அண்ணே?" என்றார் திருவேங்கடம்.

பொன்னுரங்கம் யோசித்தார். "சாப்பாடு இல்லதான். ஆனா இலையைப் போட்டுட்டுச் சோறு போடலேன்னா அது ஏங்கிப் போயிடும். எடுத்துடு."

கொக்கு வந்தது. வெளியூர்க் கொக்கு, வாயில் என்ன கொண்டுவந்ததோ என்று துரத்தினார்கள். மழை தூறியபோது மூவரும் குடையோடு தண்ணீரில் நின்றார்கள். மூன்று குடையளவு மழை உள்ளே போகவில்லை.

தெருச் சாக்கடை குளத்தில் விழும் வாயையும் மணல் மூட்டை போட்டு அடைத்தார்கள். அது நேராக ஏசுபாதம் வீட்டு அடுப்படிக்குத் திரும்பியது.

"அண்ணே, அடுப்படியில கணுக்கால் அளவு நிக்குது!"

"குளம் பட்டினி கிடக்குது, நீ சாம்பார்த் தண்ணி அனுப்புவியா? கட்டில் மேல உக்காருய்யா!"

மாதம் முடிந்தது. செண்பகவல்லி வந்தார். தண்ணீர் தெளிந்து, தரையில் மேயும் நத்தைகூடத் தெரிந்தது. பலமுறை சோதித்தும் அவரால் நம்ப முடியவில்லை.

"பிரமாதம்! குளத்தை மூட வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டார்.

பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சைகை காட்டினார். மறுநொடியே நாலு மூட்டைப் பொரியும் ஓர் அண்டா வெண்பொங்கலும் குளத்துக்குள் சரிந்தன.

"ஐயோ, என்ன பண்றீங்க?" என்று அலறினார் செண்பகவல்லி.

"ஒரு மாசப் பட்டினி மேடம். இனிமேலாவது வயிறாரச் சாப்பிடட்டும்."

கலங்கிய சேற்றிலிருந்து குபுகுபுவென்று குமிழிகள் எழுந்தன. பொன்னுரங்கம் நிம்மதியாக மூச்சு விட்டார்.

"கேட்டீங்களா மேடம்? ஏப்பம் விடுது. டேய் திருவேங்கடம், ஓடிப்போய் வெத்தலை பாக்கு எடுத்துட்டு வா!"