ரிவர்ஸ் என்றொரு நாய்

"அம்மா, எனக்கு வேற நாய் கொடுங்க."

கோமதியம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"இந்த நாய்க்கு என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணா ரெண்டா? வாசல்ல நேரா வரமாட்டேங்குது. திரும்பி நின்னு, பின்பக்கமா நடந்துதான் உள்ள வருது. நாம பாத்துக்கிட்டிருந்தா சோறு திங்காது. சாயங்கால மணி அடிச்சா மூக்கைத் தூக்கிட்டு ஊளை. வர்றவங்க செருப்புல ஒத்தைச் செருப்பை மட்டும் தூக்கிட்டுப் போயி அதுமேல தலை வச்சுப் படுத்துக்கிடுது. நான் தியானத்துக்குக் கண்ணை மூடினா போதும், மூக்கை வச்சு என் இமையைத் தட்டுது."

"கடிக்குதா?"

"இல்லை."

"சரி, வேற நாய் வந்தா சொல்லுதேன். அதுவரைக்கும் இதை வச்சுக்கிடுங்க."

அம்மை அடுத்த கீரைக்கட்டை அவிழ்த்தார்.

வேற நாய் கேட்ட திருமலைக்கொழுந்து உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே விசிலில் பள்ளிக்கூடத்தையே வரிசையில் நிற்க வைத்தவர். மனைவி போன பிறகு வீட்டை மூத்தவனுக்கும் வயலை இளையவனுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த இந்த மடத்துக்கு ஒரு பையோடு வந்து சேர்ந்தார்.

மடத்தின் தலைவி கோமதியம்மைக்கு அவரைவிட வயது மிகக் குறைவு. முதல் நாள் அவரை 'அம்மா' என்று கூப்பிட நாக்கு கொஞ்சம் தயங்கியது. அப்புறம் பழகிவிட்டது.

"எனக்குத் துறவு வேணும்மா. எவ்வளவு கஷ்டமான சாதனையா, தவமா இருந்தாலும் கொடுங்க. பாதியில விடுற ஆள் நான் இல்லை."

அன்றைக்கு அம்மை மாட்டுத்தொழுவத்தின் மூலையைக் கை காட்டினார்.

அங்கே ஒரு செம்பட்டை நாய் சுருண்டு கிடந்தது. பெட்டை. ஒரு காது பாதிதான் இருந்தது. கழுத்தைச் சுற்றிப் புண். கைவிட்டுப் போன கல்குவாரியில் கம்பியால் கட்டிக் கிடந்ததை விறகு பொறுக்கப் போன பெண்கள் பார்த்து, அவிழ்த்துக் கொண்டுவந்து மடத்தில் விட்டிருந்தார்கள்.

"சாதனை கேட்டேன், அம்மா."

"ஆமா" என்றார் அம்மை.



புண் ஆறியது. நாய் எழுந்து நடந்தது. நடக்க ஆரம்பித்ததும் அதன் கோணங்கித்தனங்களும் ஆரம்பித்தன. சமையல் பார்க்கும் பேச்சிமுத்து அது வாசலில் நுழையும் அழகைப் பார்த்துவிட்டு, "ரிவர்ஸ்" என்று பெயர் வைத்தான். மடத்தில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள். திருமலைக்கொழுந்து மட்டும் கூப்பிடவில்லை.

பெயரை ஒத்துக்கொண்டால் பழக்கத்தையும் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தார்.

திருத்திக் காட்டுவது என்று முடிவு செய்தார்.

முதலில் விசில். விசில் சத்தம் கேட்டதும் நாய் தொழுவத்துக்குள் ஓடி வைக்கோலுக்கு அடியில் புகுந்துகொண்டது. அதையும் பின்பக்கமாகத்தான் செய்தது.

பிறகு பிஸ்கட். வாசலுக்கு உள்ளே பிஸ்கட்டை வைத்துவிட்டு நின்றார். நாய் பிஸ்கட்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, திரும்பி நின்றது, பின்னங்காலால் தடவித் தடவி வந்து பிஸ்கட் மேலேயே உட்கார்ந்தது.

பேச்சிமுத்து சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடைசியில் கயிறு.

கழுத்தில் கயிற்றைப் போட்டு, முன்பக்கமாக உள்ளே இழுத்தார். நாய் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. அவரும் விடவில்லை. எத்தனை முரட்டுப் பையன்களைப் பார்த்தவர். இழுத்தார். நாய் குரைக்கவில்லை, உறுமவில்லை. நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டது.

"பிடிவாதம்! உடம்பு பூரா பிடிவாதம்!"

சத்தம் கேட்டு அம்மை வந்தார். நாயின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினார். தன் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மறுநுனி திருமலைக்கொழுந்தின் கையில் இருந்தது.

"இழுங்க."

"அம்மா..."

"இழுங்க, அண்ணாச்சி."

அவர் பிடி தளர்ந்தது. கயிறு தானாக நழுவிக் கீழே விழுந்தது.

"ஏன்? அதே கயிறு. அதே வாசல்."

அம்மை கயிற்றைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.



மறுநாள் காலையில் திருமலைக்கொழுந்து வாசலில் சும்மா உட்கார்ந்தார். விசில் இல்லை, பிஸ்கட் இல்லை. நாய் வருவதும் போவதுமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் பார்த்தார்.

பிறகு ஒருநாள், பக்கத்தில் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எழுந்து திரும்பி நின்றார். பின்பக்கமாக ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி.

வாசற்படியைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டார்.

முற்றம் முழுக்கக் கண்ணெதிரே இருந்தது. வேலி, வேப்பமரம், தெரு, தெருவில் போகிறவன் கையிலிருந்த கம்பு. பின்னாலிருந்து யாரும் எதுவும் செய்துவிட முடியாது.

நாய் முற்றத்தில் நின்று அவரைக் கவனித்துக்கொண்டிருந்தது. வால் லேசாக அசைந்தது. இதுவரை அவரைப் பார்த்து அது வாலை ஆட்டியதில்லை.

அம்மையிடம் போனார்.

"அது ஏன் அப்படி வருதுன்னு புரிஞ்சுபோச்சும்மா."

"அப்ப இனிமே திருத்திடலாம்."

"திருத்தவா? எதுக்கு?"

அம்மை விளக்குத் திரியை முறுக்கினார்.

அதன் பிறகு திருமலைக்கொழுந்து தொழுவத்துப் பக்கம் அதிகமாகத் தென்பட்டார். சோற்றை வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதுகுக்குப் பின்னால் நக்கும் சத்தம் கேட்கும். தட்டு காலியாகிவிட்டது என்பதைச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வார். சாயங்கால மணி அடிப்பது அவருடைய வேலை. நாய் ஊளையை முடிக்கிறவரை நிறுத்தாமல் அடிப்பார். முடித்த பிறகு, "இன்னிக்குக் குரல் கொஞ்சம் கம்மல்" என்று அதனிடம் சொல்வார். மடத்துக்கு வருகிறவர்கள் ஒற்றைச் செருப்பைத் தேடி நின்றால், "இருங்க, எங்க வச்சிருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று எழுந்து போவார்.

தியானத்தில் அது இமையைத் தட்டினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "இருக்கேன், ரிவர்ஸ்" என்பார். நாய் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். அவர் மறுபடியும் கண்ணை மூடுவார்.

மார்கழி முடியும் சமயத்தில் அம்மை கூப்பிட்டார்.

"தைப்பூசத்தன்னைக்குக் காவி வாங்கிக்கிடுதீங்களா?"

திருமலைக்கொழுந்துக்குக் கண் கலங்கியது. எவ்வளவு நாள் காத்திருந்த வார்த்தை.

"தயாரா இருக்கேன் அம்மா."

"தென்காசியிலேருந்து ஒரு புருஷன் பொண்டாட்டி வந்திருக்காங்க. மாட்டு டாக்டர் சொல்லி அனுப்பினாராம். நல்ல மனுஷங்க. நாய் வளர்க்க ஆசைப்படுதாங்க."

அவர் தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"காவி கட்டுறவருக்கு எதுக்கு நாய்?" என்றார் அம்மை. குரலில் ஒன்றும் இல்லை. வெறும் கேள்வி.

"எதுக்கு" என்றார் அவரும்.

வந்தவர்கள் செல்வநாயகமும் அவர் மனைவி டெய்சியும். டெய்சி நாய்க்கு என்று ஒரு மெத்தைகூட வாங்கி வைத்திருந்தார். திருமலைக்கொழுந்து அவர்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். வாசலைச் சொன்னார், தட்டைச் சொன்னார், மணியைச் சொன்னார், செருப்பைச் சொன்னார். காபி ஆறிப்போனது. அவர் சொல்லி முடிக்கவில்லை.

"கவலைப்படாதீங்க ஐயா" என்றார் செல்வநாயகம். "எங்களுக்குத் தெரிஞ்ச ட்ரெய்னர் ஒருத்தர் இருக்காரு. ஒரே மாசத்துல எல்லாத்தையும் சரி பண்ணிருவாரு."

கார்க் கதவு திறந்தது. நாய் திரும்பி நின்றது. பின்னங்காலைத் தூக்கிக் காரின் படியைத் தடவித் தேடியது.

செல்வநாயகம் சிரித்துக்கொண்டே அதைத் தூக்கி, முன்பக்கமாக உள்ளே வைத்துக் கதவை அடைத்தார்.

நாய் சத்தம் போடவில்லை.

திருமலைக்கொழுந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கார் புளியமரத்து வளைவில் மறைந்த பிறகும் நின்றார். அன்றைய சாயங்கால மணியை நாலே அடியில் முடித்துவிட்டார்.

துறவுதானே கேட்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வைராக்கியம் என்றால் இதுதான். விடமாட்டேன்.

தைப்பூசத்தன்று மடம் நிறைந்திருந்தது. சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். பேச்சிமுத்து அவியலும் பாயாசமும் இறக்கி வைத்து, வாழை இலைகளைக் கழுவி அடுக்கியிருந்தான். தீட்சை முடிந்த பிறகுதான் பந்தி. அது மடத்து வழக்கம்.

திருமலைக்கொழுந்து குளித்து, ஈர வேட்டியோடு வந்து உட்கார்ந்தார். எதிரே தாம்பாளத்தில் காவி.

அம்மை கேட்டார்.

"வீடு?"

"விட்டேன்."

"நிலம்?"

"விட்டேன்."

"பிள்ளைகள்?"

"விட்டேன்."

"பெயர்?"

"விட்டேன்."

"நாய்?"

அப்படி ஒரு கேள்வி வழக்கத்தில் இல்லை. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"கொடுத்துட்டேன், அம்மா."

"அது தெரியும். விட்டீங்களா?"

ஒரே ஒரு சொல். நாலு தரம் சொன்ன அதே சொல். அதைச் சொல்லிவிட்டால் தாம்பாளம் கைக்கு வந்துவிடும். வாயைத் திறந்தார். காரின் படியைத் தடவித் தேடிய அந்தக் கால் கண்ணுக்குள் வந்து நின்றது.

வாயை மூடினார்.

எழுந்தார். "மன்னிக்கணும்மா. பொய் வரமாட்டேங்குது" என்றார்.

ஈர வேட்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தார். யாரோ கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். உதறிவிட்டுப் போனார்.

தென்காசியில் கதவைத் திறந்த டெய்சி அவரைப் பார்த்ததும் அழுதுவிட்டார்.

"நாங்களே கூப்பிடணும்னு இருந்தோம் ஐயா. உள்ள வரவே மாட்டேங்குது. நேத்து ட்ரெய்னர் வந்து பெல்ட்டைப் பிடிச்சு இழுத்தாரு. அதுலேருந்து ஸ்கூட்டருக்கு அடியிலேயே கிடக்கு. நாங்க ரெண்டு பேரும் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருக்கோம். ஒரு வாய் திங்கலை."

"பாத்துக்கிட்டிருந்தா திங்காதும்மா."

"சொன்னீங்க. நாங்கதான் கேட்டுக்கிடலை."

அவர் ஸ்கூட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார். அவர்களையும் அப்படியே உட்காரச் சொன்னார். மூன்று பேரும் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு தட்டு நகரும் சத்தம் கேட்டது. டெய்சி வாயைப் பொத்திக்கொண்டார்.

திருமலைக்கொழுந்து செல்வநாயகத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறது அசிங்கம். எனக்குத் தெரியும். ஆனாலும் கேக்குதேன். நீங்க முடியாதுன்னு சொன்னா இந்தத் தெருவிலேயே இருந்து தினமும் கேப்பேன்."

செல்வநாயகம் குனிந்து நாயின் கழுத்திலிருந்து புதுப் பெல்ட்டைக் கழற்றினார்.

பஸ்ஸில் நாயை ஏற்ற முடியாது என்றார் கண்டக்டர். திருமலைக்கொழுந்து வாக்குவாதம் செய்யவில்லை. நடந்தார். தார் ரோடு கொதித்தது. காலில் செருப்பில்லை. நாய் அவர் நிழலுக்குள்ளேயே நடந்து வந்தது. அது நின்றபோது நின்றார். அது நடந்தபோது நடந்தார். எதிரே வந்தவர்கள் வேட்டி மட்டும் கட்டிய அந்த மனிதரையும் அரைக்காது நாயையும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

மடத்தை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

கூட்டம் கலையவில்லை. பிள்ளைகள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சிமுத்து இலைக்கட்டின் பக்கத்தில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். அம்மை காலையில் இருந்த அதே இடத்தில் இருந்தார்.

திருமலைக்கொழுந்து முற்றத்திலேயே நின்றார். நாய் அவர் காலை ஒட்டி நின்றது.

"அம்மா, துறவு எனக்கு வராது. இவ்வளவு பேரைப் பட்டினி போட்டுட்டேன். என் பையை எடுத்துக்கிட்டுப் போயிடுதேன். இவளுக்கும் எனக்கும் எங்கயாவது ஒரு இடம் கிடைக்கும்."

அம்மை அவரைப் பார்த்தார். கொப்புளம் போட்டிருந்த அவர் பாதத்தைப் பார்த்தார். நாயைப் பார்த்தார்.

பிறகு திரும்பி, "பேச்சிமுத்து, இலையைப் போடு" என்றார்.

பேச்சிமுத்து திகைத்து எழுந்தான்.

"அம்மா, தீட்சை முடிஞ்ச பிறகுதானே பந்தி?"

"ஆமா. இலையைப் போடு."